ஜிஞ்சர்லிக்குள் இஞ்சி தேடிய கதை

கரும்பலகையில் ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டேன். அதை அழிக்கப் பத்தொன்பது மாலைகள் பிடித்தன.

கரூரில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றில் 'ஜிஞ்சர்லி' என்ற வினையடை வந்தது. "பதனமா, பார்த்துப் பார்த்து" என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகப் பார்த்தேன். முன்வரிசைப் பெண் விடவில்லை.

"மிஸ், ஜிஞ்சர்னா இஞ்சிதானுங்களே? இஞ்சிக்கும் பதனமா நடக்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. இஞ்சியைக் கடிக்கிறவர்கள் காரத்துக்குப் பயந்து நுனிப்பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பார்கள், அதிலிருந்து வந்தது என்று அந்த நொடியில் தோன்றியதைச் சொல்லி, பலகையிலும் 'ஜிஞ்சர் + லி = இஞ்சி கடிப்பதுபோல' என்று எழுதிவிட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "இஞ்சி தின்ன குரங்கு அப்படியெல்லாம் பதனமா இருக்காதுங்களே மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை வேலையைத் தொடங்கினேன். முதலில் சீட்டு வெட்டினேன். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி உருவான காலத்தில் ஊர் ஊராக இருந்த வாசகர்கள் ஏறக்குறைய ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலச் சீட்டுகளில் ஒவ்வொரு சொல்லின் பயன்பாட்டையும் எழுதி அனுப்பினார்கள் என்று படித்திருந்தேன். ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் 14.8 செ.மீ.க்கு 10.5 செ.மீ. வருகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தபோது அந்தச் சீட்டின் அளவுதான், ஒரு நூல் முன்னே பின்னே. ஒரு பக்கம் அச்சடித்த பழைய வினாத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இருபத்தைந்து தாளில் நூறு சீட்டு. சீட்டின் இடது மூலையில் சொல், வலது மூலையில் ஆண்டு, நடுவில் பொருள், அடியில் எங்கிருந்து எடுத்தேன் என்பது. கடைசியாகச் சொன்னதைச் சரியாக எழுதாமல் விட்டுப் பின்னால் அனுபவித்தேன்.

கையில் இருந்த மற்றக் கருவிகள்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அகராதி ஸ்கேன்கள். ஆக்ஸ்போர்டு அகராதியின் நான்காம் தொகுதி, 1901-இல் ஹென்றி பிராட்லி பதிப்பித்தது, எஃப், ஜி எழுத்துகளுக்கு உரியது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன், ஆங்கிலேயர் வாயில் புழங்கிய இந்தியச் சொற்களின் அகராதி. சாமுவேல் ஜான்சனின் 1755 ஆங்கில அகராதி. திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 280 ரூபாய்க்கு வாங்கிய சிறிய லத்தீன் அகராதி. அதன் முதல் பக்கத்தில் எந்தக் காலத்திலோ படித்த ஒரு குருமட மாணவரின் பெயர் ஊதா மையில் இருந்தது. அட்டை கழன்றிருந்ததால் மைதா பசை தடவி ஒட்டி, இரண்டு செங்கலுக்கு நடுவில் ஒரு ராத்திரி வைத்தேன்.

முதல் ஆறு மாலைகள் இஞ்சியிலேயே போயின. வீணாய்ப் போனது என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் இவ்வளவு ருசியான தடத்தில் நான் நடந்ததே இல்லை. ஆங்கில ஜிஞ்சருக்குப் பின்னால் பழைய பிரெஞ்சு வடிவமும் பழைய ஆங்கில 'கிங்கிஃபெர்' வடிவமும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் பிற்கால லத்தீன் 'கிங்கிபெர்', அதற்குப் பின்னால் லத்தீன் 'ஸிங்கிபெரி', கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்'. அங்கிருந்து பாலியில் 'சிங்கிவேர', சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேரம்'. சிருங்கம் என்றால் கொம்பு, கொம்புபோல் கிளைத்திருப்பதால் அந்தப் பெயர் என்று வடமொழியில் விளக்கம். ஹாப்சன்-ஜாப்சன் அதை நம்பவில்லை. கற்பனை விளக்கத்துக்கு ஏற்றபடி வடிவம் மாற்றிய வந்தேறிச் சொல்லாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, மலபாரில் பச்சை இஞ்சியை இஞ்சி, இஞ்சிவேர் என்பார்கள் என்று கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அவர் வீட்டுச் சமையற்கட்டில் இந்தச் சொல்லைத் தினம் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலியில் முன்னால் நிற்கும் 'சி' நம் இஞ்சியில் எங்கே போயிற்று என்பது அடுத்த கேள்வி. சொல்லின் முதலில் வரும் சகரம் தமிழில் உதிர்வது உண்டு. கன்னடத்தில் 'சாவிர', நமக்கு 'ஆயிரம்', இரண்டுக்கும் மூலம் 'சகஸ்ர'. அதேபோல் சிஞ்சி இஞ்சியாகியிருக்கலாம். முதல் நூற்றாண்டு ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் இஞ்சிக்கு ராத்தலுக்கு 6 தெனாரியஸ் வெள்ளிக்காசு என்று விலை எழுதியிருக்கிறார், கருமிளகுக்கு 4. மிளகைவிட இஞ்சி விலை கூட! அதையும் ஒரு சீட்டில் ஏற்றினேன். ஏன் ஏற்றினேன் என்று கேட்காதீர்கள். வினையடையைத் தேடப் போனவள் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் எண்ணினால் இஞ்சிக்கு 23 சீட்டு, ஜிஞ்சர்லிக்கு 2.

அந்த இரண்டு சீட்டுகள்தான் தலையில் தண்ணீர் ஊற்றின. ஜிஞ்சர்லி ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 1510-களில். அன்றைக்கு அதன் பொருள் எச்சரிக்கை அல்ல. நளினமாக, சிற்றடி எடுத்து, ஒயிலாக என்பதுதான் பொருள். நடையையும் ஆட்டத்தையும் சொல்லும் சொல். மிகுந்த கவனத்தோடு என்ற பொருள் 1600-ஐ ஒட்டித்தான் வருகிறது. இஞ்சியின் காரத்தில் நளினம் ஏது? ஆங்கிலத்திலும் இஞ்சி என்றால் சுறுசுறுப்பு, உசுப்பேற்றல். பின்வரிசைப் பையனின் குரங்கு முதல் நாளே சொன்னதைக் கேட்க எனக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது.

இரண்டாவது அடி இலக்கணத்தில் விழுந்தது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'லி' விகுதி பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடைதான் பிறக்கும்: ஃபிரெண்ட் - ஃபிரெண்ட்லி, ஃபாதர் - ஃபாதர்லி. வினையடை வேண்டுமென்றால் கீழே பெயரடை இருக்க வேண்டும்: ஸ்லோ - ஸ்லோலி, ஸாஃப்ட் - ஸாஃப்ட்லி. ஆகவே ஜிஞ்சர்லிக்கு அடியில் 'நளினமான' என்ற பொருளில் ஒரு பெயரடை புதைந்திருக்க வேண்டும், கிழங்கு அல்ல. நமக்கு இது உறுத்தாமல் போவதற்குக் காரணம் நம் இலக்கணம்தான். அழகு என்ற பெயரோடு 'ஆக' சேர்த்தால் அழகாக என்று வினையடை தானாக வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் நான் இஞ்சிக்குப் பின்னால் 'லி'யை ஒட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

இடையில் ஒரு மாலை எண்ணெயில் வழுக்கினேன். அகராதியில் பக்கத்திலேயே 'ஜிஞ்செல்லி' இருந்தது. நல்லெண்ணெய் டின்னில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்களே, அதே சொல். எண்ணெய், வழுக்கல், பதனமான நடை என்று மூளை உடனே கதை கட்டிவிட்டது. அது போர்ச்சுகீசிய 'ஜெர்ஜெலிம்', அரபு 'ஜுல்ஜுலான்' வழியாக வந்தது, எள்ளுக்கான பெயர், ஜிஞ்சர்லிக்குச் சம்பந்தமில்லை. அரைமணி நேரத்தில் மூடிவிட்டேன்.

எட்டாம் நாள் ஜான்சனைத் திறந்தேன். 'எங்கிருந்து வந்ததோ அறியேன்' என்று சொல்லுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மனதுக்கு எவ்வளவு ஆறுதல்! ஆங்கிலத்துக்கே அகராதி எழுதிய மனுஷர் அறியேன் என்று எழுதினார், டியூஷன் டீச்சர் இஞ்சி என்று எழுதினேன். வேறொரு பழைய அகராதி இதை ஸ்காண்டிநேவியப் பக்கம், தள்ளாடி நடப்பதற்கான ஒரு சொல்லோடு சேர்த்துப் பார்த்தது. பெரிய அகராதிகள் இன்று காட்டும் வழி பிரெஞ்சு வழியாக லத்தீன். 'ஒருவேளை' என்ற சொல்லை முன்னால் போட்டுத்தான் காட்டுகின்றன. பழைய பிரெஞ்சில் 'ஜென்ட்' என்றால் உயர்குலத்தில் பிறந்த, அழகான, நளினமான. அதன் ஒப்பீட்டு வடிவம் 'ஜென்சோர்', அதாவது இன்னும் நளினமான. காலப்போக்கில் ஒப்பீடு தேய்ந்து வெறும் 'நளினமான' என்றும் அது வழங்கியிருக்கிறது. ஜென்ட்டின் லத்தீன் மூலம் 'கெனிட்டுஸ்', பிறந்த.

கெனிட்டுஸைச் சரிபார்க்க என் சிறிய லத்தீன் அகராதியைத் திறந்தேன். இல்லை. ஒட்டிய அட்டையோடு ஏதாவது பக்கம் ஒட்டிக்கொண்டதா என்று பிரித்துக்கூடப் பார்த்தேன். 'கிங்' என்று தொடங்கும் இடத்தில் 'கிங்கிவா' மட்டும் இருந்தது. பல் ஈறு. பல் டாக்டரிடம் போனால் ஈறு வீக்கத்துக்குச் சொல்லும் ஜிஞ்ஜிவைட்டிஸ் இங்கிருந்துதான். ஜிஞ்சர்லியோடு உறவு இல்லை.

இரண்டு மாலை கழித்துத்தான் உறைத்தது. லத்தீன் அகராதியில் வினைச்சொற்களை 'நான் செய்கிறேன்' என்ற தன்மை ஒருமை வடிவத்தின் கீழ்தான் வைப்பார்கள். எச்ச வடிவத்தைத் தேடினால் சிறிய அகராதிகளில் கிடைக்காது. 'கிக்னோ' என்று போய்ப் பார்த்தேன். கிக்னோ, கிக்னெரே, கெனுயி, கெனிட்டும் என்று நான்கும் ஒரே வரியில் இருந்தன. பெறு, ஈன்றெடு என்று பொருள். நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், 'வந்த' என்பதைத் தேட 'வா' என்ற இடத்துக்குப் போகவேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு மாலை மிச்சம்.

அடுத்த ஐந்து மாலைகள் மூட்டுகளைச் சோதித்தேன். கெனிட்டுஸ் என்பதிலிருந்து ஜிஞ்சர் வரை வர ஒலி ஐந்து இடத்தில் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதே வழியில் போன வேறு இரண்டு சொற்களாவது கிடைத்தால்தான் பேனாவால் எழுதுவது, இல்லையென்றால் பென்சில் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

ரோமானியர்கள் இந்தச் சொல்லின் முதலெழுத்தை 'க' போலத்தான் உச்சரித்தார்கள், நாம் அங்கம் என்னும்போது வருகிறதே, அந்த ஒலி. எகரத்துக்கும் இகரத்துக்கும் முன்னால் அது பிரெஞ்சில் ஜகரமானது. கெம்மா ஜெம் ஆனது, கெலாட்டா என்ற உறைந்த பொருள் ஜெல்லி ஆனது. பேனா. நடுவில் அழுத்தமில்லாத உயிர் விழுந்து கெனிட்டும் ஜென்ட் ஆனது. தெபிட்டா கடனைச் சொல்லும் டெட் ஆனதும் கொம்புத்தாரே எண்ணுவதைச் சொல்லும் கவுன்ட் ஆனதும் அதே கதைதான். பேனா. ஒப்பீட்டுக்கான 'இயோரெம்' என்ற வால் 'ஓர்' ஆகச் சுருங்கியது. செனியோரெம், அதாவது மூத்தவர், செஞோர் ஆகி இன்றைக்கும் ஸ்பெயினில் வழங்குகிறது. மெலியோரெம், அதாவது இன்னும் நல்ல, பிரெஞ்சு மெய்யர் ஆனது. இதுவும் பேனா. ஆனால் 'கெனிடியோரெம்' என்ற வடிவம் எங்கும் எழுத்தில் கிடைத்ததல்ல, ஊகித்து நட்சத்திரக் குறி போட்டு எழுதுவது. அதனால் சீட்டில் நட்சத்திரம் போட்டேன்.

நான்காவது, எகரம் இகரமாவது. இதற்கு அதிகம் கஷ்டப்படவில்லை. ஆங்கிலத்தில் 'ஞ்ஜ்' போன்ற ஒலிக்கு முன்னால் எகரம் இகரமாகிவிடும். பிரெஞ்சு ஃபிரெஞ்ஜ் ஆங்கிலத்தில் ஃபிரிஞ்ஜ் ஆனது, கதவுக் கீல் ஹெஞ்ஜ் என்றிருந்து ஹிஞ்ஜ் ஆனது. தலைமுடி கருகுவதைச் சொல்லும் ஸிஞ்ஜ் என்பதும் முன்பு எகரத்தோடுதான் இருந்தது.

ஐந்தாவதில் வண்டி நின்றது. ஜென்சோரில் இருக்கும் சகரம் ஜிஞ்சரில் ஜகரமாக எப்படி மாறியது? இரண்டு மாலை தேடியும் எனக்கு ஒரு ஜோடிச் சொல்கூடக் கிடைக்கவில்லை. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அடியில் இருக்க வேண்டிய 'நளினமான' என்ற பெயரடை, வினையடைக்கு முன்னால் ஆங்கிலத்தில் எழுத்தில் கிடைப்பதில்லை. மகன் இருக்கிறான், அப்பாவைக் காணோம். இஞ்சி என்ற பழகிய சொல் பக்கத்திலேயே இருந்ததால் மக்கள் வாயில் ஜென்சர் அதன் பக்கம் சாய்ந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் இஞ்சி பெற்ற தாயாக இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரியாகவாவது மிஞ்சுகிறது. இது என் சொந்த ஊகம், அதனால் சீட்டில் பென்சிலில்தான் இருக்கிறது.

விகுதியும் லத்தீன் இல்லை. 'லி' பழைய ஆங்கிலத்துக்கே உரியது, உடல், வடிவம் என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது, 'போல' என்ற லைக் அதற்கு உறவு. ஆக தலை ரோமில், வால் இங்கிலாந்தில்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்த மாலைதான் எனக்குப் பிடித்த மாலை. ஷேக்ஸ்பியரின் 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா' நாடகத்தில், 1623-இல் முதலில் அச்சான தொகுப்பில், ஜூலியா தன் தோழியிடம் கேட்கிறாள்: அவ்வளவு ஜிஞ்சர்லியாக எதைக் குனிந்து எடுத்தாய்? ஒன்றுமில்லை என்கிறாள் தோழி. பிறகு ஏன் குனிந்தாய்? கீழே விழுந்த ஒரு தாளை எடுக்க. அந்தத் தாள் ஜூலியாவுக்கு வந்த காதல் கடிதம். இரண்டு விரல் நுனியால் எடுத்திருப்பாள். அங்கே நளினமா, எச்சரிக்கையா என்று பிரிக்கவே முடியவில்லை. இரண்டு பொருளும் ஒரே விரலில் இருக்கின்றன. இன்னொன்று: அந்த நாடகத்தின் பெயரிலேயே 'ஜென்டில்மென்' இருக்கிறார்கள். ஜென்டில் என்பது லத்தீன் 'கென்டிலிஸ்', ஒரே குலத்தவர், வழியாக அதே 'கென்' வேருக்குத்தான் போகிறது. மேலே இருக்கும் தலைப்பும் உள்ளே இருக்கும் வினையடையும் பங்காளிகள். துள்ளலான நடையைச் சொல்லும் 'ஜான்டி'யும் ஜென்டிலின் பிரெஞ்சு வடிவமான ஜான்டியிலிருந்து வந்த இன்னொரு பங்காளி.

அந்தக் 'கென்' வேரின் வடமொழி உறவு 'ஜன்'. ஜனனம், ஜனம், ஜாதி எல்லாம் அந்தக் குடும்பம். இஞ்சி வழியாகத் தமிழ் வீட்டுக்கு வரப் பார்த்தேன், அந்தக் கதவு சாத்தியிருந்தது. நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் ஜனனம் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தது.

செலவுக் கணக்கு. லத்தீன் அகராதி 280. திருச்சிக்குப் போய்வந்த பஸ் தனி, வேறு வேலையும் இருந்ததால் சேர்க்கவில்லை. பிரிண்ட் அவுட் 46 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 92. ஜெல் பேனா இரண்டு 20, பென்சில் வீட்டிலேயே இருந்தது. மொத்தம் 392 ரூபாய். சீட்டு 71. அதில் மூலம் எழுதாத சீட்டு 14, அவற்றை மறுபடி தேடிக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மாலை ஆயிற்று. மூன்றைக் கண்டுபிடிக்க முடியாமல் கிழித்துப் போட்டேன்.

அடுத்த தடவை செய்வதாக இருந்தால் முதல் சீட்டில் ஆண்டையும் அந்த ஆண்டில் இருந்த பொருளையும் எழுதுவேன். இன்றையப் பொருளை வைத்துக்கொண்டு வேர் தேடினால் மூளை கதைகட்டத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது, விகுதியைக் கழற்றிக் கீழே இருப்பது பெயரா, பெயரடையா என்று பார்ப்பேன், ஐந்து நிமிட வேலை. மூன்றாவது, தமிழோடு தொடர்பு தெரிந்தால் உடனே அந்தப் பக்கம் ஓடமாட்டேன். ஓடுவேன், ஆனால் ஒரு மாலைக்கு மேல் அல்ல. இஞ்சிக்குச் செலவான ஆறு மாலைக்கு என் ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை.

இருபதாம் நாள் மாலை வகுப்பில் பழைய வரியை மறுபடி எழுதி, அதன்மேல் குறுக்கே கோடு போட்டேன். பின்வரிசைப் பையனின் குரங்குதான் சரி என்று சொன்னபோது அவன் எழுந்து கும்பிட்டான். பிறகு நீர்மோர் விளிம்புவரை ஊற்றிய டம்ளரை வாசலில் வைத்து, முன்வரிசைப் பெண்ணை மேசைவரை எடுத்துவரச் சொன்னேன். அவள் ஒரு வருடமாகப் பரதம் கற்கிறாள். எல்லோரும் பாதத்தைப் பாருங்கள் என்றேன். குதிகால் தரையில் படவில்லை. விரல் நுனி முதலில் தொட்டது, முழங்கால் லேசாக மடங்கியது, இடுப்புக்கு மேல் அசைவே இல்லை. ஆடப்போகிறவள் நடையா, சிந்தக்கூடாது என்று பயப்படுகிறவள் நடையா என்று கேட்டேன். பாதிப்பேர் அப்படி என்றார்கள், பாதிப்பேர் இப்படி. மேசைக்கு ஒரு முழம் இருக்கும்போது அவள் சிரித்துவிட்டாள், மோர் சிந்தியது.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நோட்டைத் திறந்தாள். பலகையில் நான் 'கெனிட்டுஸ் - ஜென்ட் - ஜென்சோர் - (ஒருவேளை) - ஜிஞ்சர்லி' என்று எழுதியிருந்தேன்.

"இது பரிட்சைக்கு வருங்களா மிஸ்?"

"வராது."

"அப்ப அந்த ஒருவேளையை மட்டும் பென்சில்ல எழுதிக்கறேனுங்க" என்றாள். அந்த விதியை நான் அவளிடம் சொல்லியே இருக்கவில்லை.